இலை பறிக்கும் முதியோர்
ஜப்பானிய மலைக்கிராமம் ஒன்றின் அனுபவம்

விவசாயத் தொழிலில் ஓய்வு பெறும் வயது என்று ஒன்று விதிக்கப்படவில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தர் குறித்த வயதில் பதவியை விட்டு விலகிப் பென்ஷன் பெறுகிறார். நிலமுடைய குடியானவரோ, உடல் தளர்ந்து, மகன் தலையெடுத்த பின்னர், ஒரு நாள் பெட்டிச் சாவியையும் கணக்குப் புஸ்தகத்தையும் ஒப்புவித்துவிட்டுத் திண்ணைக்கு வந்து சேருகிறார். அதன் பிறகு உழவு, நாற்று, நீர் பாய்ச்சல் யாவும் அவரைக் கேளாமலே நடைபெறுகின்றன. உணவுக்கும் உடைக்கும் குறைவில்லாத வீடுகளிற்கூட, இவ்வாறு அமர்ந்த ஓரிரு வருஷங்களுக்குள் முதியவர் ஒடுங்கிப் போவதைப் பலரும் கண்டிருக்கக்கூடும். தம்மால் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் உலகில் இல்லை என்ற எண்ணம் வியாதியினும் கொடிது.

இந்தத் துன்பம் மிகுதியாகக் காணப்படும் தேசம் ஜப்பான். அங்கே இளைஞர் பட்டணங்களுக்குச் சென்றுவிட, கிராமங்களில் முதியோரே எஞ்சினர். 2020ஆம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பின்படி, விவசாயத்தையே முக்கியத் தொழிலாகக் கொண்டோர் அந்நாட்டில் சுமார் 13 இலட்சத்து 60 ஆயிரம் பேர். அவர்களுடைய சராசரி வயது 67.8. பிற தொழில்களில் இந்த வயதினர் பலர் வீட்டில் இருப்பர். இத்தகைய நாட்டில், முதியோர் பெரும்பான்மையாக உள்ள ஒரு சிறு மலையூர், அவர்கள் கையாலேயே ஒரு புதுத் தொழிலை உண்டாக்கி முப்பது வருஷங்களுக்கு மேலாக நடத்தி வருகிறது. நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அந்த வரலாற்றை அறிவது பயனுடைத்து.

ஊரும் அதன் நிலைமையும்

ஷிகோகு என்னும் தீவில், டோகுஷிமா பிரதேசத்தில் உள்ளது காமிகாட்ஸு. டோகுஷிமா நகரிலிருந்து மோட்டாரில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். நிலப்பரப்பில் பெரும்பகுதி காடு. சரிவுகளில் கல்வரப்புக் கட்டி அமைத்த படிக்கட்டு வயல்களும் தோட்டங்களும் சிதறிக் கிடக்கின்றன. குடியிருப்புகள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் முதல் 700 மீட்டர் உயரம் வரை பரவியுள்ளன. 1955ல் இரண்டு கிராமங்களை ஒன்றாக இணைத்தபோது ஜனத்தொகை ஆறாயிரத்துக்கு மேல் இருந்தது. 2020ல் அது 1,400க்குச் சற்றுக் குறைவாகிவிட்டது. அவர்களில் பாதிப்பேருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர்கள்.

முற்காலத்தில் இவ்வூரார் மரம் வெட்டியும், மிகான் என்னும் கமலா ஆரஞ்சு வகையைப் பயிர் செய்தும் ஜீவித்தனர். வெளிநாட்டு மரம் மலிவாக இறக்குமதியானபோது மர வியாபாரம் நலிந்தது. மிகானும் நாடெங்கும் அளவுக்கு மீறிப் பயிராகி, 1972ல் விலை வீழ்ச்சியுற்றது. போதாக்குறைக்கு, 1981 பிப்ரவரியில் வரலாறு காணாத குளிர் அடித்தது. உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக்கும் கீழாக இறங்கிற்று. பல வருஷங்கள் பாடுபட்டு வளர்த்த மிகான் மரங்களிற் பெரும்பாலானவை சில நாட்களுக்குள் பட்டுப்போயின. மீண்டும் கன்று நட்டுக் காய்க்கும்வரை காத்திருக்க வயதானவர்களுக்குத் துணிவு வரவில்லை.

அச்சமயம் அவ்வூர் விவசாயக் கூட்டுறவு சங்கத்தில் சாகுபடி ஆலோசகராக இருந்தவர் தோமோஜி யோகோயிஷி. விவசாயக் கல்லூரியில் பயின்று, 1979ல் இருபது வயதில் அப்பதவிக்கு வந்த வெளியூர் இளைஞர். அவர் வந்தபோது, ஆடவர் பகலிலேயே கூடிக் குடிப்பதும், யாவரும் சர்க்கார் உதவியைப் பற்றியும் அயலாரைப் பற்றியும் குறை பேசுவதும் ஊர் வழக்கமாக இருந்ததாம். குளிர் அழிவுக்குப் பின் அவர் விரைவில் பலன் தரும் கீரைவகைகள், வெங்காயத்தாள், ஷீடேகே என்னும் காளான் ஆகியவற்றைப் பயிரிடச் செய்தார். இவற்றால் ஊர் ஓரளவு தலைநிமிர்ந்தது. ஆயினும் காளான் விளையும் மரக்கட்டைகளையும் காய்கறிப் பெட்டிகளையும் தூக்குவது எழுபது வயதுப் பெண்களுக்கு இயலாத காரியம். ஊரிற் பாதிப்பேருக்கு ஒத்த வேலை இன்னும் அகப்படவில்லை.

சோற்றுத் தட்டில் ஒரு சிவப்பிலை

1986ல் யோகோயிஷி ஒஸாகா நகருக்கு விளைபொருள் விற்கச் சென்றபோது ஒரு போஜனசாலையில் உணவு கொள்ள அமர்ந்தார். அயலில் இருந்த இளம்பெண்கள் சிலர், தட்டில் உணவோடு வைக்கப்பட்டிருந்த சிவந்த மேப்பிள் இலையைக் கண்டு வியந்தனர். ஒருத்தி அதனைக் கைக்குட்டையில் பொதிந்து வைத்துக்கொண்டாள். இப்பேர்ப்பட்ட இலை தம் ஊர் மலையில் மக்கி எருவாகிறதே என்று அவருக்குப் பட்டது.

ஜப்பானியர் உணவைக் கண்ணாலும் உண்பவர்கள். உயர்தர உண்டிச்சாலைகளில் ஒவ்வொரு பதார்த்தத்துடனும் அந்தந்தப் பருவத்துக்குரிய இலை, மொட்டு, மலர்க்கொம்பு ஆகியவற்றை அழகுக்காக வைப்பர். இதற்கு ட்ஸுமாமோனோ என்று பெயர். உண்பதற்கன்று, ஆனால் அஃதின்றேல் பந்தி குறைபட்டதாகும். வாழையிலையில் விருந்திடும் நாட்டினருக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. முன்னெல்லாம் சமையற்காரரிடம் தொழில் பழகும் பையன்களே இவ்விலைகளை மலைப்பக்கம் சென்று பறித்து வருவார்கள். பட்டணம் பெருகப் பெருக மலை தொலைவாயிற்று. இலைக்குத் தேவை இருந்தது. முறையாக விற்பார் இல்லை.

ஊருக்குத் திரும்பி இதைச் சொன்னபோது சிரிப்பே விடையாகக் கிடைத்தது. நரியும் தானுகி என்ற காட்டு விலங்கும் இலையைப் பணமாக மாற்றி மனிதரை ஏய்க்கும் என்பது ஜப்பானியப் பாட்டிக்கதை. அக்கதையை நம்பி வந்துவிட்டானா இந்தப் பிள்ளை என்றனர் சிலர். தரையில் கிடக்கும் இலையைப் பொறுக்கி விற்பது மானக்குறைவு என்றனர் வேறு சிலர். இறுதியில் நான்கு குடும்பத்தார் மட்டும் இசைந்தனர். 1987ல் விற்பனை தொடங்கிற்று. 'இரோடோரி' என்று பெயரிட்டனர். வர்ணம் தீட்டுதல் என்பது பொருள்.

முதல் முயற்சி தோல்வியென்றே சொல்லவேண்டும். மலையில் அகப்பட்ட இலைகளைப் பறித்துக் கட்டி அனுப்பினார்கள். சந்தையில் விலை போகவில்லை. காரணம் விளங்கவும் இல்லை. யோகோயிஷி தம் சம்பளத்தைச் செலவிட்டு, பெருநகரங்களின் உயர்தர உண்டிச்சாலைகளுக்கு வாடிக்கையாளராகச் சென்று, எந்தத் தட்டில் எந்த இலை, எவ்வளவு பெரியது, எவ்விதம் வைக்கப்படுகிறது என்று குறித்துக்கொண்டு வந்தார். சமையற்கட்டில் நுழைந்து கேட்டவிடத்துப் பலரும் தொழில் ரகசியம் என்று விரட்டினர். இவ்வாறு தின்று திரிந்து அவருக்குக் கால்வீக்க வாத நோய் வந்ததாகவும் சொல்லப்படுகிறது.

அவர் கற்று வந்தவை மூன்று. இலைகள் யாவும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். பத்துப் பேர் அமரும் பந்தியில் ஒருவர் தட்டில் பெரிய இலையும் மற்றொருவர் தட்டில் சிறியதும் வைத்தல் ஆகாது. பூச்சியரிப்பும் புள்ளியும் கூடாது. மூன்றாவதுதான் குடியானவர்களுக்கு வியப்பளித்தது: பருவத்தை ஓரிரு வாரம் முந்திக்கொள்ளவேண்டும். வெளியே பனி பெய்துகொண்டிருக்கும்போது தட்டில் பிளம் மலர் தோன்றினால்தான் சிறப்பு. வெளியே மலர்ந்த பின் தட்டில் வைப்பது பழஞ்செய்தி போன்றது. ஆகவே மொட்டுக்கொம்புகளைக் கொட்டகையில் வெப்பத்தில் வைத்து முன்கூட்டியே மலர்விக்கும் முறையைக் கையாண்டனர்.

இங்கேதான் இலை பொறுக்குதல் சாகுபடியாக மாறிற்று. மலையில் தேடி அலைவதை விடுத்து, பட்டுப்போன மிகான் தோட்டங்களிலும் தரிசாய்க் கிடந்த படிக்கட்டு வயல்களிலும் மேப்பிள், பிளம், பீச், நான்டென், கமேலியா முதலியவற்றை நட்டு, கைக்கெட்டும் உயரத்தில் கவாத்துச் செய்தனர். எந்தச் சரிவில் முந்திச் சிவக்கும், எந்த நிழலில் இலை மெல்லியதாக இருக்கும், எந்தக் கொம்பில் மொட்டு நெருங்கி வரும் என்பவை அம்மலையிலேயே பிறந்து வளர்ந்த முதியோருக்கு மனப்பாடம். அதுகாறும் ஒரு காசுக்கும் பெறாதிருந்த அந்த அறிவு மூலதனமாயிற்று. நாளடைவில் விற்பனைக்கு வரும் இலை, மலர், கொம்பு வகைகள் முந்நூறைக் கடந்தன. சேர்ந்த குடும்பங்களும் நூற்றைம்பதுக்கு மேற்பட்டன. பெரும்பாலோர் பெண்கள், சராசரி வயது ஏறக்குறைய எழுபது.

ஒரு நாள் வேலை

காலையில் அன்றைய தேவை அறிவிக்கப்படுகிறது: இன்ன இலை, இன்ன அளவு, இத்தனை தட்டு. முந்தி ஏற்பவருக்கே அந்தத் தேவை உரியது. உடனே தோட்டத்துக்குச் சென்று பறித்து, கழுவி, பழுதானவற்றை நீக்கி, அளவு பார்த்துப் பிரித்து, சிறு தட்டுகளில் வரிசையாக அடுக்கி, மேலே மெல்லிய உறையிட்டு, சீட்டு ஒட்டிக் கூட்டுறவு சங்கக் கிடங்கில் குறித்த நேரத்துக்குள் சேர்ப்பிக்கவேண்டும். அங்கிருந்து நகரச் சந்தைகளுக்குச் செல்கின்றன. ஒரு பெட்டியின் பளு ஒரு குழந்தையும் தூக்கத்தக்கது. கண்ணும் விரலும் பொறுமையும் வேண்டும், தோள்வலி வேண்டியதில்லை. இதைவிட முதிய உடலுக்கு இணங்கிய வேலையைக் கற்பனை செய்வது அரிது.

தேவையை அறிவிப்பதுதான் தொடக்கத்தில் பெருஞ்சிக்கலாக இருந்தது. மலையெங்கும் சிதறிய வீடுகளுக்கு ஒவ்வொன்றாக டெலிபோன் செய்து முடிப்பதற்குள் பொழுது போய்விடும். வெள்ளம், மண்சரிவு ஆகிய ஆபத்துக்களை அறிவிப்பதற்காக ஊர்ச்சபையார் அமைத்திருந்த செய்தி அனுப்பும் ஏற்பாட்டை, 1990களில், இலை வியாபாரத்துக்கும் பயன்படுத்த இணங்கினர். ஒரே சமயத்தில் எல்லா வீட்டிலும் தேவைச்சீட்டு அச்சாகி வெளிவந்தது. அதனுடன் யோகோயிஷி தம் கையெழுத்தில் சந்தை நிலவரமும் ஊக்கமொழியும் எழுதி அனுப்புவார். கிராம அதிகாரிகள் இதனைக் கவனிக்கத்தகும். கைவசமிருந்த சாதனத்தை வேறொரு காரியத்துக்குத் திறந்துவிட்டதே இங்கு உத்தியோகஸ்தர் செய்த பேருதவி.

1999ல் ஊர்ச்சபையின் பங்கு முதலுடன் இரோடோரி என்ற கம்பெனியே ஸ்தாபிக்கப்பட்டது. அக்காலத்தையொட்டிக் கம்ப்யூட்டரும் வந்தது. எழுத்துப்பலகையைத் தொட்டறியாத எழுபது, எண்பது வயதினருக்காகச் சில பெரிய பொத்தான்களும், உள்ளங்கையால் உருட்டத்தக்க உருண்டையும் கொண்ட விசேஷச் சாதனம் செய்து கொடுத்தனர். முதியோர் இதைக் கற்பார்களா என்று பலர் சந்தேகித்தனர். கற்றனர், காரணம் எளிது. அத்திரையில் அவரவரது அன்றைய விற்பனைத் தொகையும், ஊரில் அவர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்பதும் தெரியும். பிறர் பெயரும் தொகையும் காட்டப்படமாட்டா. நேற்றுப் பன்னிரண்டாவதாக இருந்த மூதாட்டி இன்று பதினைந்தாவதாக இறங்கினால், எங்கே பிசகிற்று என்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சந்தை நிலவரத்தை ஆராய்கிறாள். பின்னாளில் கையடக்கமான தொடுபலகைகளும் வந்தன. வயோதிகரிடம் போட்டியுணர்ச்சியைத் தூண்டுவது முறையோ என்று கேட்கலாம். குழந்தைகளிடம் பேசுவதுபோல் முதியோரிடம் எல்லாம் நன்று என்று பேசுவதைக் காட்டிலும், அவர்கள் கணக்கை அவர்களுக்குக் காட்டுவது அதிக மரியாதை என்றே தோன்றுகிறது.

இலாபம் எத்தகையது?

நல்ல வருஷங்களில் மொத்த விற்பனை 26 கோடி யென் அளவை எட்டிற்று. சிலர் தனியே வருஷத்துக்கு ஒரு கோடி யென்னுக்கு மேல் விற்றதாகவும் செய்தி உண்டு. பெரும்பாலோருக்கு வந்தது அதனினும் மிகக் குறைவு, ஆயினும் பென்ஷனுக்கு மேற்பட்ட சொந்த வருமானம். பேரக்குழந்தைக்குப் பரிசளிக்கவும், வீட்டைப் புதுப்பிக்கவும், நன்கொடை கொடுக்கவும் அது போதும். பெறுபவராக இருந்தவர் கொடுப்பவரானார். வரி செலுத்துவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் முதியோர் உள்ள ஊர் பிறிதொன்று இருப்பது ஐயமே.

வேலை மிகுதியால் சேருவோர் குறைந்து, ஊர்ச்சபை நடத்திய முதியோர் இல்லமே இல்லாமற்போயிற்று என்று கம்பெனியார் கூறுகின்றனர். வயோதிகருக்கான வைத்தியச் செலவும் அப்பிரதேசத்து மற்ற ஊர்களைவிடக் குறைவாயிருந்ததென்று குறிப்பிடுவர். இவற்றுக்கெல்லாம் இலையே காரணம் என்று கூறிவிடலாகாது. மலைக்காற்று, ஏறியிறங்கும் நடை, எளிய உணவு ஆகியவற்றுக்கும் பங்கு இருக்கும்.

இருந்தபோதிலும், வாழ்வில் ஒரு பயன் இருக்கிறதென்ற எண்ணத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டென்பதற்கு ஜப்பானிலேயே ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துள்ளது. இத்தகைய பயனுணர்வை அந்நாட்டார் 'இகிகாய்' என்பர். மியாகி பிரதேசத்தில் ஒஸாகி என்ற பகுதியில் 40 முதல் 79 வயது வரையுள்ள 43,391 பேரை, உமக்கு இகிகாய் உண்டா என்று கேட்டு, ஏழு வருஷம் தொடர்ந்து கவனித்தனர். முடிவு 2008ல் வெளியாயிற்று. இல்லையென்று விடையளித்தோரிடையே மரணம், உண்டு என்றவரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் காணப்பட்டது. நோயுற்றவர்கள்தாம் பயனில்லையென்று விடையளித்திருப்பரோ என்ற ஐயத்தை ஆராய்ச்சியாளர் நோய், வயது முதலியவற்றைக் கணக்கிற்கொண்டு கூடியவரை நீக்கினர். முற்றிலும் நீக்கிவிட்டதாகச் சொல்ல இயலாது.

முதியோருக்கு வேலை தருவது ஜப்பானில் வேறு வழிகளிலும் முயலப்பட்டதே. 1975ல் டோக்கியோவில் தொடங்கிய முதியோர் வேலைச் சங்கங்கள் நாடெங்கும் பரவின. பூங்காவைச் சுத்தம் செய்தல், புல் களைதல் போன்ற சிறு வேலைகளைப் பங்கிட்டுக் கொடுத்தன. நல்ல காரியமே. ஆனால் அங்கே வேலையைப் பிறர் அளிக்கவேண்டும். காமிகாட்ஸுவில் முதியவள் தன் மரத்துக்குத் தானே எஜமானி; என்ன நடுவது, எப்போது பறிப்பது, எந்தத் தேவையை ஏற்பது யாவும் அவள் தீர்ப்பு. முகம் தெரியாத ஒரு சமையற்காரனுக்கு அவள் இலை உண்மையாகவே தேவைப்படுகிறது, சரியில்லாவிட்டால் திரும்பிவிடும். முதியவர் என்று யாரும் சலுகை காட்டுவதில்லை.

நம் ஜில்லாக்களில் இதே இலை வியாபாரத்தைத் தொடங்க முற்படுவது வீண். தட்டலங்கார இலைக்கு இங்கே சந்தையில்லை. பந்திக்கு வாழையிலையும், பொட்டலத்துக்கு மந்தாரை, தாமரை இலைகளும் ஏற்கெனவே வியாபாரப் பொருள்கள். ஆனால் யோகோயிஷி கேட்ட கேள்வியைக் கேட்கலாம்: இந்த ஊர் முதியோரின் கைக்கும் கண்ணுக்கும் தெரிந்தது எது, அது யாருக்கு வேண்டும்? விதை தெரிந்தெடுத்தல், நாற்றங்கால் பேணுதல், ஒட்டுக் கட்டுதல், பூத்தொடுத்தல், மூலிகை இனம் அறிதல் முதலியவை பளு இல்லாத, பழக்கம் வேண்டிய தொழில்கள். விடை ஊருக்கு ஊர் மாறும். விற்கும் வழியைக் கண்டறிய ஓர் இளைஞர் சில வருஷம் அலைந்தே தீரவேண்டும் என்பதும், அந்த அலைச்சலைச் சங்கத்தார் பொறுக்கவேண்டும் என்பதும் மாறா. 1996ல் யோகோயிஷி களைத்துப்போய் உத்தியோகத்தை விட்டு விலக எண்ணியபோது, இலை பயிரிடுவோர் கையொப்பமிட்டு விண்ணப்பம் எழுதி அவரை நிறுத்திக்கொண்டனர். அதன்மேல் ஊர்ச்சபையே அவரைத் தன் பணியில் அமர்த்திக்கொண்டது.

தீராத குறைகளையும் சொல்லவேண்டும். ஜனத்தொகை குறைவது நிற்கவில்லை. முதியோருக்கு வேலை கிடைத்ததனால் மட்டும் பட்டணம் சென்ற பிள்ளைகள் திரும்பி வந்துவிடவில்லை. 2020ல் கொரோனா நோய் பரவி உண்டிச்சாலைகள் மூடப்பட்டபோது இலைக்குத் தேவை திடீரென்று சரிந்தது; ஒரே வகை வாடிக்கையாளரை நம்பிய தொழிலுக்கு இந்த அபாயம் உண்டு. பயிரிடுவோரின் வயதும் ஏறிக்கொண்டே செல்கிறது.

இவ்வூர் 2003ல் குப்பையே இல்லாமற்செய்வதென்று ஜப்பானில் முதன்முதலாகப் பிரகடனம் செய்து, வீட்டுக்கழிவுகளைப் பல வகையாகப் பிரித்து வருவதால் வெளியார் வருகை பெருகிற்று. 2010 முதல் கம்பெனியார் வெளியூர் இளைஞரைச் சில வாரம் தங்க வைத்துத் தொழில் பழக்குகின்றனர். அவர்களில் சிலர் அங்கேயே குடியேறியுமுள்ளனர். மூதாட்டி ஒருத்தி முப்பது வருஷம் கவாத்துச் செய்து வளர்த்த மேப்பிள் தோப்பு, அவளுக்குப் பின் கவனிப்பாரின்றி நின்றால் சில பருவங்களில் கைக்கெட்டாமல் வளர்ந்துவிடும். எந்தத் தோப்பை யார் ஏற்பது, மரத்தின் குணங்களை அவள் இருக்கும்போதே யார் உடனிருந்து கற்பது என்பனவே அவ்வூரார் இப்போது முடிவு செய்யவேண்டியிருப்பவை.